சுவரில் இருப்பது ஓவியமா, கல்லச்சுப் படமா? பழைய ரவிவர்மா படங்களைக் கண்டறிவது எப்படி?

மைசூரு: மைசூரு மண்டி மொஹல்லா போன்ற பழைய குடியிருப்புகளில், தாத்தா காலத்துப் பொருளாகச் சுவரில் தொங்கும் ரவிவர்மா படம் பெரும்பாலும் கையால் தீட்டிய தைலவண்ண ஓவியம் அன்று, லித்தோகிராஃப் எனப்படும் கல்லச்சுப் படம். ஓவியம் என நம்பிப் பெருந்தொகை கொடுத்து ஏமாறுவோர் ஒருபுறம். வெறும் அச்சுத்தாள் என்று பழைய பொருள் வியாபாரியிடம் போட்டுவிடுவோர் மறுபுறம். இரண்டாவது இழப்பே பெரிது.

ரவிவர்மா கையால் தீட்டிய ஓவியங்களை மைசூரு ஜகன்மோகன் அரண்மனைக் கலைக்கூடத்தில் காணலாம். 1885ஆம் ஆண்டு மன்னர் சாமராஜேந்திர உடையாருக்காக அவர் அரச குடும்பத்தினரின் உருவப்படங்களை வரைந்தார். அதற்கு முந்தைய ஆண்டே, ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிட்டுப் பரப்புமாறு திவானாக இருந்த டி. மாதவராவ் அவருக்கு யோசனை கூறியிருந்தார். ரவிவர்மாவோ 1894இல் பம்பாயில் சொந்த அச்சகமே தொடங்கினார். அது 1899இல் லோனாவாலா அருகிலுள்ள மாலவ்லிக்கு மாறியது. பின்னர் ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஷ்லெய்ஷர் அதை விலைக்கு வாங்கித் தொடர்ந்து நடத்தினார். 1972இல் அச்சகம் தீக்கிரையானது. எனவே வீடுகளில் எஞ்சிய பிரதிகளுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

எண்ணெயும் நீரும் ஒட்டாத இயல்பைக் கொண்டு சுண்ணாம்புக்கல்லில் படம் எழுதி, ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக்கல் வைத்து அச்சிடுவதே இம்முறை. சில பிரதிகளில் துணியின் இழையமைப்பை அழுத்திப் பதித்து, மேலே வார்னிஷும் பூசினர். தொட்டுப் பார்த்தால் ஓவியம் போலவே இருக்கும். கையை நம்பக் கூடாது. பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கியில் முகத்தையும் கன்னத்தையும் பார்த்தால் உண்மை புலப்படும். கல்லச்சில் புள்ளிகள் சீரற்று, மணல் தூவியதுபோல் இருக்கும். ஒரே அளவான புள்ளிகள் வரிசை பிடித்து நின்றால், அது பிற்கால ஆஃப்செட் மறுபதிப்பு.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஓரம். அச்சகத்தின் பெயரும் ஊரும் அங்கேதான் இருக்கும்; லோனாவாலா என்றிருந்தால் 1899க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் சட்டம் பொருந்தவில்லை என்று கடைக்காரர் வெட்டி எறிவதும் இந்த ஓரத்தையே. ஓரம் போனால் மதிப்பும் குறையும். தெய்வப் படங்களில் சரிகையும் மணிகளும் துணியும் ஒட்டியிருந்தால் அழுக்கென்று பிய்க்க வேண்டாம். அவையும் அப்படத்தின் வரலாறே.

ஈரத்துணியால் துடைப்பது பெருந்தீங்கு. கண்ணாடியில் படம் ஒட்டியிருந்தால் இழுக்காமல், காகிதப் பாதுகாப்பு வல்லுநரிடம் அப்படியே கொண்டு செல்ல வேண்டும். பின்புறத்து மரப்பலகையும் மலிவான அட்டையும் அமிலத்தால் தாளைப் பழுப்பாக்கும்; அமிலமற்ற அட்டைக்கு மாற்றி, தாளுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி விடுவது நல்லது. மழைக்காலத்தில் ஈரம் கசியும் வெளிச்சுவரில் மாட்டினால் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் வரும். காகிதப் படங்களுக்கு அருங்காட்சியகங்கள் பொதுவாக 50 லக்ஸ் ஒளியையே அனுமதிக்கின்றன. சன்னல் வெயில் அதைவிடப் பன்மடங்கு.

விற்க நினைப்போர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு நிறைந்த கலைப்படைப்புகள் தொல்பொருள்களாகக் கருதப்படும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. வயதில் ஐயமிருந்தால், 'தொல்பொருள் அன்று' என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்ற பிறகே அனுப்ப வேண்டும்.