கணக்கிலிருந்து கணக்கிற்கு

மலைச்சரிவில் வீடு கட்டுவோர், சமவெளியில் கட்டுவோரைக் காட்டிலும் மிகுதியாகக் கணக்குப் பார்க்க வேண்டியவர்கள். கொடைக்கானல் வட்டாரத்தில் ஒரு கட்டடம் எழவேண்டுமாயின், மண் சரியாதபடி தாங்குசுவர் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைநீர் அச்சுவரின் பின்னே தேங்காதபடி வடிகால் வேண்டும். தேங்கிய நீரின் அழுத்தம் சுவரையே தள்ளிவிடும். ஆகவே சுவரும் வடிகாலும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. பூம்பாறையில் படிப்படியாக வயல் திருத்திய உழவர்கள் இதனை அனுபவத்தால் அறிவர். இன்றைய கட்டடக் கலைஞர் கணிப்பொறியின் துணையால் காண்கிறார்.

அவர் கையாளும் முறைக்கு அளபுருசார் வடிவமைப்பு என்று பெயர். சுவரின் உயரத்தை வெறும் எண்ணாகக் குறியாமல், சரிவின் கோணத்தோடு பொருந்திய ஒரு விதியாகக் குறிப்பது இதன் இயல்பு. சரிவை மாற்றினால் சுவர் தானே மாறும். விதிகளை வரிவரியாக எழுதாமல், சிறு பெட்டிகளைத் திரையில் வைத்துக் கம்பிகளால் இணைப்பதும் உண்டு. டேவிட் ரட்டன் உருவாக்கி 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கிராஸ்ஹாப்பர்’ இவ்வகையினது. வெட்டுக்கிளி என்பது அப்பெயரின் பொருள். பெயருக்கும் தொழிலுக்கும் பொருத்தம் தேடி மாணவர்கள் இடர்ப்பட வேண்டா.

நிற்க. சுவர்க் கணக்கை ஒருவரும் வடிகால் கணக்கை மற்றொருவரும் அமைத்தால், அவை தனித்தனி ஏடுகளாகிவிடும். ஓர் ஏட்டின் கம்பி மற்றோர் ஏட்டினுள் நுழையாது. எனவே சுவரின் அளவுகளை முதற்கணக்கு ஒரு பொதுக் கோப்பில் எழுதிவைக்க, இரண்டாவது கணக்கு அதைப் படித்துக்கொள்ளும். எளிய செயல்தானே என்று தோன்றும். எண்கள் மட்டும் போய்ச் சேர்ந்து, அவற்றின் பொருள் வழியில் உதிர்ந்துவிட்டால் என் செய்வது?

இக்கேள்வி கொடைக்கானலுக்குப் புதிதன்று. சென்னையிலிருந்த வானாய்வகத்தின் பணி 1899-இல் இம்மலைக்கு மாறிற்று. 1904 முதல் இங்கே கதிரவனைப் படம் பிடித்து வருகின்றனர். கிரீனிச்சு அரச வானாய்வகத்தார் 1874 முதல் 1976 வரை கதிரவனின் கரும்புள்ளிகளை நாள்தோறும் அளந்து பதிந்தபோது, அவர்களுடைய வானம் மூடிக்கிடந்த நாள்களுக்குக் கொடைக்கானல் முதலிய இடங்களின் படங்களும் கைகொடுத்தன. ஆனால் ஒரு படத்தில் ‘புள்ளி நடுவிலிருந்து 20 மில்லிமீட்டர்’ என்று அளந்து அனுப்பினால் பயனில்லை. கொடைக்கானலிலேயே ஒரு கருவியில் கதிரவனின் உருவம் ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் விட்டமுடையது; மற்றொன்றில் 60 மில்லிமீட்டர்தான். முதலாவதில் நடுப்பகுதிக்கு அண்மையில் நிற்கும் அளவு, இரண்டாவதில் விளிம்பை நெருங்கிவிடும்! அதனால்தான் மில்லிமீட்டரை விடுத்து, கதிரவனின் மேற்பரப்பிலேயே அகலாங்கு, நெட்டாங்கு என்று பாகைகளில் இடத்தைக் குறிக்கின்றனர். அதற்கு வடதிசையும் தெரிந்திருக்க வேண்டும். படமெடுத்த நேரமும் தெரிந்திருக்க வேண்டும். பூமியிலிருந்து நோக்கக் கதிரவன் நாளொன்றுக்கு ஏறக்குறைய 13 பாகை சுழல்கிறது. இந்திய நேரத்தைக் கிரீனிச்சு நேரமென்று கொண்டுவிட்டால், ஐந்தரை மணி வேறுபாட்டில் புள்ளி 3 பாகை பிழைபட்டு நிற்கும்.

வடிகால் கணக்கிற்கும் இதே தேவைகள்தாம். வரும் எண் மீட்டரா, மில்லிமீட்டரா? எந்தப் புள்ளியிலிருந்து அளந்தது? என்று எழுதப்பட்டது? இன்னொன்றும் உண்டு. கிராஸ்ஹாப்பரில் தரவு ஒரு மரம்போலக் கிளைவிட்டு நிற்கும். முதற்படியின் அளவுகள் ஒரு கிளையிலும் இரண்டாம்படியின் அளவுகள் வேறொரு கிளையிலும் இருக்கும். கோப்பில் எழுதும்போது கிளைகளைத் தட்டையாக்கி ஒரே பட்டியலாக்கினால், இருநூறு எண்களும் பத்திரமாக வந்து சேரும். எந்த எண் எந்தப் படிக்குரியது என்பது மட்டும் தெரியாது. இழந்தது எதுவும் கண்ணுக்குத் தெரியாமையால், இப்பிழையே எல்லாவற்றினும் கொடியது என்பேன்.

பழைய நகலும் தீங்கு செய்யும். சுவர்க் கணக்கைத் திங்களன்று திருத்தி, வடிகால் கணக்கு வெள்ளியன்று பெற்ற கோப்பையே படித்துக்கொண்டிருந்தால், வடிகால் இல்லாத சுவருக்கு வாய்க்கால் வெட்டும். கோப்பு மாறியவுடன் தானே மீண்டும் படிக்கும்படி அமைப்பது இதற்கு மருந்து. ஆனால் அம்மருந்திலும் ஒரு கேடு உண்டு. வடிகாலின் ஆழத்தைச் சுவர்க் கணக்கும் திரும்பப் படிக்கத் தொடங்கினால், ஒன்று மாற மற்றொன்று மாறி, அது மாற இது மாறி, கணக்கு ஓயாது சுழலக்கூடும். ஒரே ஏட்டினுள் இத்தகைய வட்டத்தைக் கிராஸ்ஹாப்பர் தடுத்துவிடும். இரண்டு ஏடுகளுக்கிடையே கோப்பின் வழியாக வட்டம் போட்டால் அதற்குத் தெரியாது. ஆகவே ஒவ்வோர் அளவையும் ஒரு கணக்கே எழுதவும், ஏனையவை படிக்க மட்டும் செய்யவும் வேலை தொடங்குமுன் உடன்பட்டுக்கொள்வர். சுவரும் வடிகாலும் உண்மையிலேயே ஒன்றையொன்று தீர்மானிக்குமாயின், அவ்விரண்டையும் பிரித்து வைப்பதே பொருந்தாது. ஓரேட்டிற்குள் கொண்டுவந்துவிட வேண்டும்.