வெப்பம் காணும் கண் யாருக்குக் காவல்?

சிவந்த இரும்புதான் சுடும் என்று எந்தக் கொல்லனும் சொல்லமாட்டான். உலையிலிருந்து எடுத்து ஓரமாகப் போட்ட துண்டு கறுத்துக் கிடக்கும். கறுப்புத்தானே என்று கை வைத்தவன் தோல் உரிந்து நிற்பான். சிவப்பு அடங்கிய பின்னும் அந்த இரும்பிலிருந்து ஒரு கதிர் வந்துகொண்டேயிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் தோலுக்குத் தெரியும். இங்கிலாந்தில், 1800-ஆம் ஆண்டில், வில்லியம் ஹெர்ஷல் என்ற வானநூல் அறிஞர் முப்பட்டைக் கண்ணாடியால் சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தார். சிவப்புக்கு அப்பால், வெறும் வெளியாகத் தெரிந்த இடத்தில், வெப்பமானியை வைத்தார். வெப்பமானி ஏறியது! அந்தக் கதிரைத்தான் அகச்சிவப்புக் கதிர் என்கிறோம். மனிதன், மாடு, மோட்டார், பீரங்கி எல்லாமே இரவு பகலாக அதை வீசிக்கொண்டிருக்கின்றன. அதைக் கண்டுகொள்ளும் கருவிக்கு 'சென்சார்' என்று பெயர். அதன் சந்தை இன்று ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகிறது.

பெருகட்டும், அதனால் நமக்கென்ன என்று தோழர்கள் கேட்கக்கூடும். நமக்கு நிறைய இருக்கிறது. அந்தக் கண் எங்கே விழித்திருக்கிறது, எங்கே மூடிக்கிடக்கிறது என்று பார்த்தால் தெரியும்.

முதலில் அது விழித்தது போர்க்களத்தில். அமெரிக்கக் கடற்படை, கலிபோர்னியாப் பாலைவனத்தில் உள்ள சைனா லேக் என்னுமிடத்தில், எதிரி விமானத்தின் எஞ்சின் சூட்டை மோப்பம் பிடித்துத் துரத்தும் ஏவுகணையைச் செய்தது. வெப்பத்தை உணர்ந்து இரை பிடிக்கும் பாலைவனப் பாம்பு ஒன்றின் பெயரையே அதற்குச் சூட்டினர்: சைட்விண்டர்! 1958 செப்டம்பரில் தைவான் விமானங்கள் அதைச் சீனத்து மிக் விமானங்கள் மீது ஏவின. சண்டையில் அது கையாளப்பட்டது அதுவே முதல் தடவை. வேடிக்கை என்னவென்றால், ஏவியவற்றில் ஒன்று வெடிக்காமல் ஒரு மிக் விமானத்தின் உடலிலேயே சொருகிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தது. சோவியத் நிபுணர்கள் அதைப் பிரித்துப் பார்த்து, அதே மாதிரி ஒன்றைச் செய்துவிட்டார்கள். கோடி கோடியாகக் கொட்டிக் காத்த இரகசியம் எதிராளியின் வீட்டுக்குத் தானே விருந்தாளியாகப் போயிற்று!

1991-இல் குவைத், ஈராக் மணல்வெளியில் நடந்த போரில் இந்தக் கண்ணின் வல்லமையை உலகமே கண்டது. மணலில் புதைத்து மறைத்த டாங்கிகள் மனிதக் கண்ணுக்கு மறைந்தன. வெப்பக் கண்ணுக்கு மறையவில்லை. பொழுது சாய்ந்ததும் மணல் ஒரு விதமாகவும் இரும்பு வேறு விதமாகவும் குளிரும். அந்த வேறுபாடே காட்டிக்கொடுத்துவிட்டது. ஆவடித் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் டி-90 டாங்கிக்குள் இருப்பவர் இருட்டில் குறி பார்ப்பதும் வெப்பப் படத்தைக் கொண்டுதான். 2022-இல் பெரும்போராக மூண்ட உக்ரைன் யுத்தத்தில், சின்னஞ்சிறு ஆளில்லா விமானங்களில் இந்தக் கண்ணைக் கட்டிப் பறக்கவிட்டு, பதுங்கு குழியில் ஒடுங்கிக் கிடக்கும் சிப்பாயின் உடற்சூட்டைத் தேடுகிறார்கள். உயிர் இருப்பதன் அடையாளமே அவன் உயிருக்கு எமனாகிறது.

இவ்வளவு விலையுயர்ந்த பொருள் கடைத்தெருவுக்கு எப்படி வந்தது? தனியார் மூளையும் சந்தைப் போட்டியும் கொண்டுவந்தன என்று பாடம் படிப்போர் உண்டு. நடந்த கதை வேறு. பழைய கருவிகளில் உயர்ந்த ரகமானவற்றை திரவ நைட்ரஜன் அளவுக்கு, அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி வரை, குளிர்விக்க வேண்டியிருந்தது. அந்தத் தொல்லை இல்லாத சில்லை 1980-களில் ஹனிவெல் கம்பெனி உருவாக்கியது. செலவு யாருடையது? அமெரிக்க இராணுவ இலாகாவுடையது. அதாவது அந்நாட்டு வரி செலுத்துவோருடையது. 1992 வரை அது இராணுவ இரகசியமாகவே இருந்தது. பூட்டைத் திறந்ததும் கம்பெனிகள் உள்ளே நுழைந்தன. 2000-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் காரில் இரவுப் பார்வைக் கருவி பொருத்தப்பட்டது. 2014-இல் கைப்பேசியில் செருகிக்கொள்ளும் கருவி சுமார் 350 டாலருக்கு வந்தது. அதை விற்ற ஃப்ளிர் கம்பெனியை 2021-இல் டெலிடைன் கம்பெனி ஏறத்தாழ 800 கோடி டாலருக்கு வாங்கிற்று. விதைத்தது பொதுப்பணம், களஞ்சியம் நிறைந்தது எங்கே என்று நாம் சொல்லத் தேவையில்லை.

இந்த வியாபாரம் நடக்கும் இலட்சணத்துக்கு ஒரு சிறு உதாரணம். சவூதி அதிகாரிகளைக் காசாபிளாங்கா, பாரிஸ், துபாய், பெய்ரூத், நியூயார்க் என்று ஊர் ஊராகச் சுற்றுலா அனுப்பி, விலையுயர்ந்த கைக்கடிகாரங்களும் கொடுத்து ஆர்டர் பிடித்தார்கள் என்று ஃப்ளிர் மீது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் குற்றம் சாட்டியது. 2015-இல் அந்தக் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. 95 இலட்சம் டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது.

வல்லரசுகளும் இந்தக் கண்ணைச் சும்மா விடவில்லை. வினாடிக்கு 9 படத்துக்கு மேல் காட்டாத வெப்பக் காமிராக்களுக்கு ஏற்றுமதிக் கெடுபிடி குறைவு. அதற்கு மேல் காட்டினால் அனுமதி, கையெழுத்து, விசாரணை. ஆகவே பல கம்பெனிகள் வேகமாகப் பார்க்கத் தெரிந்த கண்ணையே வேண்டுமென்று மெதுவாக்கி விற்கின்றன. மறுபுறம் சீனா. இந்தக் காமிராவின் லென்சுக்கு ஜெர்மானியம் என்ற தனிமம் தேவை. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை ஊடுருவ விடாது. துத்தநாகத் தாதுவை உருக்கும்போது கிடைக்கும் அந்த உபபொருளைப் பெருமளவில் எடுப்பது சீனா. 2023 ஆகஸ்டில் அதன் ஏற்றுமதிக்கு அனுமதி கட்டாயமாயிற்று. 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்பவே தடை வந்தது. 2025 நவம்பரில் அந்தத் தடை தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. ஒருவர் கையில் சில்லு, ஒருவர் கையில் லென்சு!

இனி, தொழிலாளிக்கு வருவோம்.

வெப்பக் கண்ணால் நமக்குக் கிடைக்கக்கூடிய நன்மை கொஞ்சமல்ல. ஸ்விட்ச்போர்டில் தளர்ந்த இணைப்பு தீப்பிடிக்கும் முன்பே அதில் சிவப்பாகத் தெரியும். புகை மண்டிய அறைக்குள் மயங்கிக் கிடப்பவரைத் தீயணைப்பு வீரர் அதைக்கொண்டு கண்டுபிடிக்கலாம். ஆனால் 2020-இல் கொரோனா வந்தபோது நம்மில் பெரும்பாலோர் இந்தக் கண்ணை எங்கே சந்தித்தோம்? ஆலை வாசலில், நம் நெற்றிக்கு நேராக நீட்டிய கருவியில்! நோய் பரவாமல் தடுக்க அது வேண்டியதுதான், மறுக்கவில்லை. உற்பத்தி நின்றுவிடும் என்ற பயம் வந்தால் முதலாளிக்கு வாங்கப் பணமும் கிடைக்கிறது, வேகமும் வருகிறது என்பதைத்தான் குறித்துக்கொள்ளச் சொல்கிறோம்.

பயம் அவருடையதாக இல்லாமல் நம்முடையதாக இருந்தால் என்ன நடக்கும்? அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்தில் ஈஸ்ட் பாலஸ்டீன் என்று ஒரு சிற்றூர். பெயரைப் பார்த்து அரபு நாடு என்று எண்ணிவிட வேண்டாம். பென்சில்வேனியா எல்லையோரத்து ரயில்பாதை ஊர். 2023 பிப்ரவரி 3-ஆம் நாள் இரவு நார்ஃபோக் சதர்ன் கம்பெனியின் கூட்ஸ் ரயில் அந்த வழியே வந்தது. ஒரு வாகனின் சக்கர பேரிங் காய்ந்துகொண்டிருந்தது. கடந்து செல்லும் பேரிங்கின் சூட்டை அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் கருவிகளைத் தண்டவாளத்தோரம் வைக்கும் வழக்கம் அந்நாட்டில் 1950-களிலேயே தொடங்கிவிட்டது. அன்றும் அளந்தன. முதற்கருவி, வெளிக்காற்றைவிட 38 டிகிரி பாரன்ஹீட் அதிகம் என்றது. சேலம் என்ற ஊரருகே (நம் சேலம் அல்ல) இருந்த கருவி 103 டிகிரி என்றது. ரயிலை நிறுத்திச் சோதிக்கக் கம்பெனி வகுத்த அளவு 170. ஆகவே ரயில் ஓடியது.

அடுத்த கருவி எங்கே? ஏறத்தாழ 20 மைல் தள்ளி, ஈஸ்ட் பாலஸ்டீனில்! அங்கே 253 டிகிரி. அபாய மணி ஒலித்தது. டிரைவர் பிரேக்கை இறுக்கினார். அதற்குள் அச்சு முறிந்து 38 வாகன்கள் தடம் புரண்டன. அவற்றில் 11 அபாயகரமான இரசாயனங்களை ஏற்றியவை. சுமார் 2,000 பேர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. மூன்று நாள் கழித்து, வினைல் குளோரைடு நிறைந்த ஐந்து டாங்கர்களைத் தாங்களே திறந்து கொளுத்தினார்கள். ஊர் வானம் கறுத்தது. அப்படிக் கொளுத்தவே தேவையிருக்கவில்லை என்று, 2024-இல் விசாரணையை முடித்த அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொல்லிவிட்டது. பேரிங்கின் உள்ளே கொதிக்கும் சூட்டை அந்தக் கருவிகள் குறைத்தே காட்டுகின்றன என்பதும் அதே விசாரணையில் வெளிவந்தது.

இத்தனை மைலுக்கு ஒரு கருவி இருக்கவேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் எதுவும் அன்று கூறவில்லை. மணலுக்குள் புதைந்த டாங்கியைக் கண்டுபிடிக்கப் பொதுப்பணத்தை வாரியிறைத்த அதே நாடு, தன் ரயில் தொழிலாளியும் ஊர்மக்களும் நம்பியிருக்கும் கண்ணை எங்கே வைப்பதென்பதைக் கம்பெனியின் விருப்பத்துக்கே விட்டிருந்தது. சந்தை பெருகுகிறது என்கிறார்களே, அது பெருகும் திசை இதுதான். வாங்கச் சொல்லும் சட்டமும் இல்லை, வாங்காவிட்டால் வரும் நட்டமும் உடனே தெரியாது என்றால், 350 டாலர் கண்ணானாலும் அங்கே விழிக்காது.

அடுத்த மாதமே, 2023 மார்ச்சில், அமெரிக்க மேல்சபையில் ஒரு ரயில் பாதுகாப்பு மசோதா வந்தது. 2025 ஜனவரியில் அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடியும்வரை அது சட்டமாகவில்லை. கம்பெனியோ அதே மார்ச்சில் புதிதாகச் சுமார் 200 கருவிகள் வைப்பதாக அறிவித்தது. அவற்றில் முதலாவதை வைத்த இடம், ஈஸ்ட் பாலஸ்டீனுக்குள் நுழையும் மேற்குப் பாதை.