நாற்பதுக்குமேல் கடல் கடந்த தொண்டு

பிள்ளைகள் ஒருவாறு தலையெடுத்துவிட்டார்கள்; உத்தியோகத்திலே பதினைந்து இருபது வருடங்கள் கழிந்துவிட்டன. வாழ்க்கையின் இந்தக் கட்டத்தில் சிலருக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. ஓரிரு வருடங்கள் வேலைக்கு விடுமுறை பெற்று, நாம் கற்ற தொழிலை வேறொரு நாட்டு மக்களுக்குப் பயன்படச் செய்தால் என்ன? தாதியருக்கும் ஆசிரியருக்கும் கணக்கருக்கும் எழக்கூடிய நல்ல எண்ணம் இது. ஆனால், நல்ல எண்ணம் மாத்திரம் போதுமா?

இக்கேள்விக்கு விடை தேடித் தூரதேசம் செல்ல வேண்டியதில்லை. கேகாலை மாவட்டத்திலே, ருவன்வெல்லவை அடுத்து, இறப்பர்த் தோட்டங்கள் சூழ இருக்கும் கரவனெல்லப் பகுதியின் பழைய கதையே விடை கூறும். 1934ஆம் ஆண்டு மழை பொய்த்தது. ஓடிய ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின, நுளம்பு பெருகிற்று, மலேரியாக் காய்ச்சல் வீட்டுக்கு வீடு புகுந்தது. 1935இல் அது அடங்குமுன் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை மாவட்டம் பட்ட துன்பம் மிகப் பெரிது.

அவ்வேளை வெளியூர்களிலிருந்து சூரியமல் இயக்கத்துத் தொண்டர்கள் வந்தார்கள். காய்ச்சலுக்குத் துணையாகப் பசியும் நிற்பதை அவர்கள் கண்டார்கள். உடலில் வலுவில்லாதவனுக்கு மருந்து மட்டும் கொடுத்து என்ன பயன்? ஆகவே, மார்மைட் என்னும் சத்துப்பொருளைக் குளிகைகளாக உருட்டிக் கொடுத்தார்கள், பருப்பும் பங்கிட்டார்கள். லண்டனிலே உயர்கல்வி கற்றுத் திரும்பிய என். எம். பெரேராவுக்கு ‘பருப்பு மாத்தையா’ என்றே பெயர் வழங்கலாயிற்று. 1936இல் ருவன்வெல்லத் தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்குத் தெரிந்தெடுத்தனர். அவர் பெற்ற பட்டங்களைவிட அவர் அளந்து கொடுத்த பருப்பே அவ்வூராருக்கு அன்று வேண்டியிருந்தது. தொண்டன் கொடுக்க விரும்புவது ஒன்று, ஊருக்கு வேண்டியது ஒன்று. இரண்டாவதை அறிவதே தொண்டுக்கு முதல் ஆயத்தம் என்போம்.

கடல் கடந்து செல்வோருக்கு இவ்வறிவு இன்னும் அவசியம். பிரிட்டனில் 1958இலும் அமெரிக்காவில் 1961இலும் தொண்டர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் அமைப்புகள் தோன்றின. தொடக்கத்தில் இளைஞர்களே பெரிதும் சென்றனர். ஆயினும் வயது ஒரு தடையன்று என்பதை லில்லியன் கார்ட்டர் அம்மையார் காட்டினார். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் தாயார் அவர். தாதித் தொழில் கற்றவர்; கணவரை இழந்தவர். 1966இல், தம் 68ஆவது வயதில், பயிற்சி பெற்றுப் பம்பாயை அடுத்த விக்ரோலிக்கு வந்து, ஏறக்குறைய இரண்டு வருடங்கள் நோயாளருக்குப் பணிபுரிந்தார்.

1970இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தொண்டர் திட்டம் ஒன்றை நிறுவிற்று. அனுபவமுள்ளோருக்கு அங்கே தனி இடமுண்டு. இருபத்தேழு வயதுக்கு மேற்பட்ட தொழில்வல்லோரை அது சேர்த்துக்கொள்கிறது. இத்தொண்டர்கள் பெறுவது சம்பளமன்று. வாழ்க்கைச் செலவுக்கான படியே. விண்ணப்பத்துக்கு அத்திட்டம் கட்டணம் கேட்பதுமில்லை. ஆகவே, “இவ்வளவு பணம் கட்டினால் தொண்டுக்கு அனுப்புகிறோம்” என்று எவரேனும் கூறினால், வாசகர்கள் ஒரு தடவைக்கு இரு தடவை விசாரித்துக்கொள்வார்களாக.

அடுத்தது வீட்டு ஆயத்தம். அரசாங்க ஊழியர் உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறை பெற 2022இல் வெளியான சுற்றறிக்கை ஒன்று வழி செய்தது. இப்பொழுது நடைமுறையிலுள்ள விதியைத் தத்தம் காரியாலயத்தில் எழுத்திலே கேட்டறிதல் நன்று. தனியார் துறையினர் திரும்பி வந்தால் அதே வேலை உண்டா என்பதையும் எழுத்திலே பெறவேண்டும். சம்பளமில்லாத மாதங்களில் ஊழியர் சேமலாப நிதிக்குச் சேரும் பணமும் நின்றுபோகும். வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு, முதிய பெற்றோரின் மருந்து ஆகியவற்றுக்கு எத்தனை மாதத்துக்குப் பணம் கையிலுண்டு என்று கணவனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து கணக்கிட வேண்டும். ஊருக்கு உழைக்கப் போகிறவர் தம் வீட்டின் சுமை முழுவதையும் மற்றவர் தலையில் ஏற்றிவிட்டுப் போவது நியாயமாகாது.

மூன்றாவது மொழி. போகும் நாட்டின் மொழியில் நூறு சொற்களாவது முன்கூட்டியே கற்பது நலம். ‘எங்கே வலிக்கிறது?’, ‘சாப்பிட்டீர்களா?’ என்று கேட்கத் தெரியாத தாதி, எவ்வளவு கெட்டிக்காரியானாலும், நோயாளிக்கு அந்நியரே. சிங்களமும் தமிழும் பேசிப் பழகிய நம் தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு மொழி பெரும் பாரமன்று.

நான்காவது உடல்நலம். மஞ்சட்காய்ச்சல் உள்ள ஆபிரிக்க, தென்னமெரிக்க நாடுகளுக்குச் செல்வோர், புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கேனும் முன்னர் அதற்குரிய தடுப்பூசி இட்டுக்கொள்ள வேண்டும். அந்நாடுகளிலிருந்து இலங்கைக்குத் திரும்பும்போதும் அந்தச் சான்றிதழ் தேவை.

மலேரியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012க்குப் பின்னர் இந்நாட்டிலேயே தொற்றிய மலேரியா காணப்படாமையால், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் நோயைப் பரப்பும் நுளம்பு இங்கே இன்னும் உண்டு. வெளிநாட்டிலிருந்து ஒருவர் இரத்தத்தில் கொண்டுவரும் கிருமி, அதன் வழியே மறுபடியும் பரவலாம். ஆதலால் மலேரியா உள்ள நாட்டுக்குச் செல்வோருக்கு மலேரியாத் தடை இயக்கம் தடுப்பு மருந்தை இலவசமாக வழங்குகிறது. அதைத் தவறாது உட்கொள்வதும், திரும்பியபின் காய்ச்சல் கண்டால் உடனே இரத்தம் பரிசோதிப்பதும், எந்த நாட்டுக்குப் போய்வந்தோம் என்பதை வைத்தியரிடம் தாமாகவே சொல்வதும் கடமை. 1934இல் இம்மாவட்டம் கொடுத்த உயிர்களை நினைப்போர் இதனைச் சிறு விஷயமென்று தள்ளமாட்டார்கள்.

மாணவர்களே, உங்கள் தாயோ தந்தையோ இப்படியொரு பயணத்தை விரும்பினால், “இந்த வயதில் எதற்கு?” என்று தடுக்காதீர்கள். “அங்கே என்ன தேவையென்று கேட்டீர்களா?” என்று கேளுங்கள். அக்கேள்விக்குத் தெளிவான விடை இருக்குமாயின், அவர்கள் பெட்டியைக் கட்டலாம். வீட்டுப் பொறுப்பில் ஒரு பங்கை நீங்களும் ஏற்கலாம்.