போன மாசம் மாதிரியே

சித்தூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “பையனுக்கு ஆட்டிசம். பத்தாம் வகுப்பு தேறிவிட்டான். திருப்பதியில் இன்டர் (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு) சேர்க்க நினைக்கிறோம். அங்கே சமாளிப்பானா? மூளையைச் சரிசெய்ய ஏதோ ஊசி வந்திருக்கிறதாமே, அதைப் போட்டு அனுப்பலாமா?”

ஊசிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். நீங்கள் கேள்விப்பட்டது ஸ்டெம் செல் ஊசியாகத்தான் இருக்கும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது, அதைக் கொடுப்பதும் விளம்பரப்படுத்துவதும் மருத்துவத் தொழில் ஒழுக்கத்துக்கு மாறானது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. அழுத்த ஆக்சிஜன் அறை, உடலிலிருந்து உலோகத்தை வெளியேற்றும் மருந்து இவற்றுக்கும் ஆதாரம் கிடையாது, பின்னது ஆபத்தானதும்கூட. நகையை விற்று இவற்றின் பின்னால் ஓடும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. அந்தப் பணத்தை விடுதிக்கும் பயணத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ‘சமாளிப்பானா’ என்ற கேள்வி. அதற்கு மூளை செய்யும் ஓர் அற்புதமான சிக்கனத்தைச் சொல்ல வேண்டும்.

மாதாமாதம் ஒரே கடையில் மளிகை வாங்கும் வீடுகளில் பட்டியல் எழுதுவதில்லை. “போன மாசம் மாதிரியே, வெல்லம் மட்டும் ஒரு கிலோ கூட” என்றால் போதும். கடைக்காரரின் நோட்டில் மற்றதெல்லாம் இருக்கிறது. மூளையும் இப்படித்தான் வேலை செய்கிறது என்பது நரம்பியலில் இன்று செல்வாக்குள்ள கருத்து. அடுத்த நொடி என்ன வரும் என்ற கணிப்பு மேலிருந்து இறங்குகிறது. கண்ணும் காதும் வித்தியாசத்தை மட்டும் மேலே அனுப்புகின்றன. தலைக்கு மேல் ஓடும் மின்விசிறி நமக்குக் கேட்காமல் போவது இதனால்தான். அது நின்றால் உடனே தெரிகிறது!

என்னை மயக்கும் இடம் இதற்கு அடுத்தது. கடைக்காரர் எல்லா வித்தியாசத்தையும் ஒரே மாதிரி மதிப்பதில்லை. துவரம்பருப்பில் பத்து கிராம் கூடினால் கண்டுகொள்ள மாட்டார். கணக்கில் நூறு ரூபாய் இடித்தால் நிமிர்ந்து உட்காருவார். எந்தப் பிழைக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று மூளையும் நொடிக்கு நொடி முடிவு செய்கிறது. ஆட்டிசத்தில் இந்த எடைபோடும் வேலை வேறு மாதிரி நடக்கலாம் என்று 2012-இல் எலிசபெத் பெலிகானோவும் டேவிட் பர்ரும், 2014-இல் எம்.ஐ.டி.யின் பவன் சின்ஹா குழுவினரும், பெல்ஜியத்தில் சாண்டர் வான் டி க்ரூயிஸ் குழுவினரும் வெவ்வேறு கோணங்களில் எழுதினார்கள்.

இரண்டு கிராம் வித்தியாசத்துக்கும் தராசை இறக்கி, நோட்டைப் பிரித்து, முதலிலிருந்து கணக்குப் பார்க்கும் கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலத்துக்குள் வரிசை தெருமுனைக்குப் போய்விடும். அவர் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஆனாலும் பஜாரிலேயே நேர்மையான தராசு அவருடையதுதான், செல்லாத நோட்டை முதலில் பிடிப்பவரும் அவர்தான். நோட்டில் எழுதியபடியே எல்லாம் நடக்கும் நாளில் அவருக்கு நிம்மதி. ரயில் அட்டவணையை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்குக் கிடைப்பதும் அந்த நிம்மதியாக இருக்கலாம். முன்னும் பின்னும் ஆடுவதும் அப்படித்தான்: அடுத்த அசைவு எது என்று அவனுக்கு முன்பே தெரியும்.

இந்தக் கருத்தை முடிந்த முடிவாக விற்பவர்களை நம்பாதீர்கள். ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்த ஆய்வுகள் சிலவற்றில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அது பழகத் தாமதமானது; சிலவற்றில் வேறுபாடே இல்லை. ஒரு பிள்ளையைப் போல் இன்னொரு பிள்ளை இருப்பதும் இல்லை. ஆனாலும் பத்து வருடம் வகுப்பறையில் தவித்த ஒரு பிள்ளையை இவ்வளவு நெருங்கிப் புரியவைக்கும் விளக்கம் வேறொன்றை நான் படித்ததில்லை.

பழி உங்கள் மேல் இல்லை என்று தெரிந்துகொள்ள, வரலாறு சுருக்கமாக. 1925-இல் சோவியத் மருத்துவர் குரூன்யா சுகரேவா இத்தகைய சிறுவர்களைப் பற்றி எழுதினார், உலகம் கவனிக்கவில்லை. 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். பிறகு பல ஆண்டுகள் தாயின் பாசக்குறைவே காரணம் என்று பழி போட்டார்கள். அந்தப் பொய்யை மறுத்து 1964-இல் புத்தகம் எழுதிய பெர்னார்ட் ரிம்லண்ட், ஆட்டிசம் உள்ள மகனின் தகப்பன்.

இனி உங்கள் மகனுக்குத் திரும்புவோம். சித்தூருக்கும் திருப்பதிக்கும் ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். பிள்ளைக்கோ பத்து வருட நோட்டு ஒரே நாளில் தொலைகிறது. புது மணி, புது வாத்தியார்கள், மெஸ் இரைச்சல், விடியற்காலையிலிருந்து இரவுவரை ஸ்டடி அவர். பாடம் வராமல் திரும்பி வருவதைவிட, நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாமல் திரும்பி வரும் பிள்ளைகளே அதிகம் என்று நினைக்கிறேன். ஆகவே சேர்க்கைக்கு முன்பே புது நோட்டை எழுதத் தொடங்குங்கள். வெறிச்சோடிய கல்லூரியை இரண்டு மூன்று முறை சுற்றிக் காட்டுங்கள். வகுப்பு, கழிப்பறை, சாப்பிடும் இடம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வரிசையாக ஒட்டிக் கொடுங்கள். மாற்றம் வந்தால் முந்தின நாளே எழுத்தில் சொல்லும் ஒரு விரிவுரையாளரைக் கேட்டுப் பெறுங்கள். மகனைப் பள்ளியிலோ, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான பவிதா மையத்திலோ கவனித்த சிறப்பாசிரியர் இருந்தால், எது அவனைக் கலைக்கும், எது அமைதிப்படுத்தும் என்று ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். முடிந்தால் முதல் வருடம் விடுதி வேண்டாம். திருப்பதியில் ஒரு அறை எடுத்துக் கூடவே யாராவது இருங்கள்.

சித்தூர்க்காரர்களுக்கு இன்னொரு சுமை, மொழி. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, புத்தகத்தில் ஆங்கிலம், இடையில் இந்தி. “பேச்சு வர வேண்டுமென்றால் தமிழை நிறுத்துங்கள்” என்று சொல்லப்பட்ட பெற்றோர் உண்டு. தவறான யோசனை. இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசக் குழந்தைகளுக்கு அதனால் பேச்சு பின்தங்குவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாட்டியோடு பேசும் மொழியைப் பிடுங்கிவிட்டால் அவன் யாரோடு பேசுவான்?

தேர்வில் மொழிச்சுமை வேறு விஷயம். இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு தர மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 17-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஊனம் 40 சதவீதத்துக்குக் குறையாதவர்களுக்கு, அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது 32-ஆம் பிரிவு. இன்டர் முடித்து வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்துக்கோ ஐ.ஐ.டி.க்கோ போகும்போது அது உதவும். எல்லாவற்றுக்கும் திறவுகோல், ஊனத்தின் அளவைக் காட்டும் சதரம் சான்றிதழ். பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று பயந்து அதை வாங்காமல் இருக்கிறீர்கள் என்றால், அம்மா, இந்த மாதமே வாங்குங்கள்.

தேர்வில் ஒரு மணி நேரத்துக்கு இருபது நிமிடம் கூடுதல் என்று 2018-இல் மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்தது. அந்தச் சான்றிதழில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், மூன்று மணி நேரத் தேர்வுக்கு உங்கள் மகனுக்கு நான்கு மணி நேரம் உண்டு. விண்ணப்பம் போடும்போதே அதை எழுதிக் கேளுங்கள்; தேர்வு அறையை முந்தின நாளே அவனுக்குக் காட்டிவிடுங்கள்.