கோடு நேரானால் பாட்டாகுமா?

சாலிகிராமத்தில் நான் வேலை பார்க்கும் ஸ்டூடியோவுக்கு எதிரே ஒரு டீக்கடை. கடைக்கார அண்ணன் மார்கழி பிறந்தால் பஜனைக் கோஷ்டியில் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்துவிடுவார். நேற்று டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "ஏன் தம்பி, ஆட்டோ டியூன் போட்டா யார் வேணா பாடகர் ஆயிடலாமாமே?"

கடையில் கூட்டமில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன். "ரெண்டு வேலை இருக்குண்ணே. ஒண்ணு சுருதி, இன்னொண்ணு நேரம்."

முதலில் சுருதி. உங்கள் ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அதற்கு அடுத்த கட்டைக்கும், கறுப்பையும் சேர்த்துத்தான், இடையே உள்ள தூரத்தை 100 பங்காக்கினால் ஒரு பங்குக்கு சென்ட் என்று பெயர். நொடிக்கு 440 அதிர்வில் நிற்க வேண்டிய குரல் 435-இல் நின்றால் ஏறத்தாழ 20 சென்ட் குறைவு. 'என்னவோ இடிக்குதே' என்று காது சொல்வது இதைத்தான்.

மென்பொருள் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? குரலின் அலை திரும்பத் திரும்ப ஒரே வடிவில் வரும். அந்த அலையின் நகலை அதன் மேலேயே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் ஓரிடத்தில் அச்சாகப் பொருந்தும். நகர்த்திய தூரம்தான் சுருதியின் கணக்கு. எண்ணெய் தேடுவதற்காகப் பூமிக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியை ஆராய்ந்துகொண்டிருந்த ஆண்டி ஹில்டெப்ராண்ட், அந்த அனுபவத்தைக் குரலுக்குத் திருப்பினார். 1997-இல் ஆட்டோ டியூன் வந்தது. சுருதிக்கு எவ்வளவு வேகத்தில் இழுக்க வேண்டும் என்பதற்கு அதில் ஒரு திருகு உண்டு. மெதுவாக வைத்தால் திருத்தியதே தெரியாது. முழு வேகத்தில் வைத்தால் குரல் படிக்கட்டில் குதிப்பதுபோல ஸ்வரம் விட்டு ஸ்வரம் தாவும். 1998-இல் ஷெர் பாடிய 'பிலீவ்' பாட்டில் வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். அதுவே ஒரு பாணியாகிவிட்டது.

நான் அதிகம் புழங்குவது மியூனிக்கிலிருந்து வரும் மெலோடைன் என்ற மென்பொருள். பாடியது திரையில் எழுத்தெழுத்தாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். ஒவ்வொரு திட்டுக்குள்ளும் ஒரு கோடு ஓடும். 'நிலாவே' என்று பாடகி இழுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'வே' சரியாகத் தொடங்கி, மூச்சு தீரத் தீரக் கோடு மெல்லச் சரிகிறது. அதே கோட்டில் சின்னச் சின்ன நெளிவும் இருக்கிறது. சரிவு பிழை, நெளிவு அழகு. இரண்டுக்கும் மெலோடைனில் தனித்தனிக் கருவி உண்டு. நான் சரிவை மட்டும் நிமிர்த்துவேன்.

ஆனால் எது பிழை, எது அழகு என்று மென்பொருளுக்குத் தெரியாது. வழக்கமாக அதன் கட்டத்தில் இருப்பவை பன்னிரண்டு கட்டைகள். தோடி ராகத்தின் காந்தார ஸ்வரமோ அசைவிலேயே உயிர் வாழ்வது. தானியங்கியாக விட்டால் அந்த அசைவை, அதாவது கமகத்தை, தடுமாற்றம் என்று எண்ணி இஸ்திரி போட்டுவிடும்.

அடுத்தது நேரம். கோரஸில் எட்டுப் பேர் 'காற்று' என்று பாடினால், 'கா' முன்பின் ஆனாலும் மன்னிக்கலாம். 'ற்று' ஒன்றாக விழாவிட்டால் தகரத்தில் கல் கொட்டியதுபோல் இருக்கும். இதற்கு இங்கிலாந்தின் சிங்க்ரோ ஆர்ட்ஸ் தரும் வோக்கலைன் என்ற மென்பொருள் இருக்கிறது. டப்பிங் வசனத்தைப் படப்பிடிப்பில் பேசிய வசனத்தோடு பொருத்தவும் இதுவே உதவும். ஒரு குரலை வழிகாட்டி என்று காட்டினால், மற்றக் குரல்களை அங்கங்கே இழுத்தும் சுருக்கியும் அதன்மேல் பொருத்திவிடும். அளவுக்கு மீறிப் பொருத்தினால் எட்டுப் பேர் கூடிப் பாடும் அகலம் போய், ஒரே ஆள் தடித்த குரலில் பாடுவதுபோல் ஆகிவிடும். அதனால் மெய்யெழுத்துகளைச் சேர்த்துவிட்டு, மற்ற இடங்களில் கொஞ்சம் தளர்வாக விட்டுவிடுவேன்.

அண்ணன் கிளாஸைக் கழுவியபடி கேட்டார்: "அப்ப என் குரலைப் போட்டா?"

"சுருதி சேரும்ணே. ஆனா எந்த வார்த்தையை அழுத்தணும், எங்க மூச்சு விடணும்னு அதுக்குத் தெரியாது. அது நீங்க பாடுறப்பவே வந்திருக்கணும்."

வீட்டில் பதிவு செய்து பழகுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒரு சொல். மென்பொருளைத் திறக்கும் முன் இன்னும் நாலு முறை பாடுங்கள். அவற்றில் நல்ல வரிகளைப் பொறுக்குங்கள். பிறகு திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். காதில் இடித்த இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு அதை மட்டும் திருத்துங்கள். கண்ணுக்குக் கோணலாகத் தெரிவதையெல்லாம் நேராக்கத் தொடங்கினால், மிஞ்சுவது ஆர்மோனியம்தான்.