பெயர் தெரிந்தால் பொறுப்பு கூடும்

மின்வெட்டைத் தவிர்க்க அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு திட்டம் செயல்படுத்தப்பட்டது. மின் தேவை உச்சத்தை எட்டும் நேரங்களில் வீட்டுக் குளிர்சாதனத்தின் பயன்பாட்டைக் குறைக்கும் கருவியைப் பொருத்திக்கொள்ள மக்கள் தாமாக முன்வர வேண்டும். சிரமம் ஒருவருக்கு, பயன் ஊருக்கு.

இதை வைத்து நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2013-இல் வெளியானது. குடியிருப்புகளின் அஞ்சல் பெட்டிகளருகே பதிவுத்தாள்கள் ஒட்டப்பட்டன. சில இடங்களில் குறியீட்டு எண்ணை மட்டும் எழுதினால் போதும். வேறு சில இடங்களில் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுத வேண்டும். பெயர் எழுதப்பட்ட இடங்களில் பங்கேற்பு மூன்று மடங்கானது. 25 டாலர் ஊக்கத்தொகை ஏற்படுத்திய விளைவைக் காட்டிலும் இது நான்கு மடங்குக்கும் அதிகம். அண்டை வீட்டாரை அடிக்கடி எதிர்கொள்ளும் அடுக்குமாடிவாசிகளிடமும், வாடகைதாரர்களைவிடச் சொந்த வீட்டினரிடமும் தாக்கம் கூடுதலாக இருந்தது.

காரணம் எளிது. பொதுநலனுக்குத் தோள்கொடுப்பவர் என்று பெயரெடுத்தவருக்கு நாளை பிறர் உதவ முன்வருவர். நாளையும் அதே முகங்களில் விழிக்க வேண்டியவருக்கு அந்த நற்பெயர் ஒரு முதலீடு.

குப்பையைத் தரம் பிரிப்பதற்கும் நீர்ச் சேமிப்புக்கும் அபராதத்தை மட்டுமே நம்பாமல் இவ்வழியையும் நமது உள்ளாட்சிகள் முயன்று பார்க்கலாம் என்பது என் கருத்து. ஆனால், தவறியோர் பட்டியலை ஒட்டுவதை நான் ஏற்கமாட்டேன். இயலாதவரையும் அது தலைகுனிய வைக்கும். கலிஃபோர்னியாவில் சுவரில் இடம்பெற்றவை முன்வந்தோரின் பெயர்களே.