புளியரை மேட்டில் ஏற்றிப் பார்த்து வாங்கும் கார்

தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குச் சாலை வழி சுமார் 55 கிலோமீட்டர். 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமான பிறகும், பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாகத் தினமும் நெல்லைக்குப் போய்வருகிறவர்கள் குறைந்தபாடில்லை. அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், பாளையங்கோட்டைக் கல்லூரிகள், பெரிய மருத்துவமனைகள் என்று வேலை அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். இந்த ஓட்டத்துக்குப் பழைய செடான் கார் நல்ல தேர்வு. தரையோடு ஒட்டி ஓடுவதால் ஆனி, ஆடிக் காற்றில் உயரமான வண்டிகளைப் போல அலைக்கழியாது. டிக்கியில் சாமான் போக, உள்ளே நான்கு பேர் சாய்ந்து உட்கார இடம் இருக்கும். வாங்கும் விதம் தெரிந்திருந்தால் ஏழெட்டு வருடம் தொல்லையில்லாமல் ஓட்டலாம்.

மாடலைப் பற்றி யோசிக்கும் முன் ஓட்டத்தைக் கணக்குப் போட வேண்டும். போகவர 110 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 2,750. வருடத்துக்கு 33,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 17 கொடுக்கும் பெட்ரோல் கார் இதற்கு ஏறத்தாழ 1,940 லிட்டர் குடிக்கும். 21 கொடுக்கும் டீசல் காருக்கு 1,570 லிட்டர் போதும். லிட்டர் விலை வித்தியாசத்தையும் சேர்த்தால் வருடத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டி டீசலில் மிச்சமாகும். டீசல் இன்ஜெக்டர், டர்போ பழுதானால் செலவு பெரிது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். என் கருத்து இதுதான்: வருடம் 25,000 கிலோமீட்டருக்கு மேல் உறுதியாக ஓடுகிறவர் டீசலைத் தேடலாம். கடையநல்லூர், மத்தளம்பாறை என்று பக்கத்தில் வேலை பார்க்கிறவருக்குப் பெட்ரோலே போதும். 2020-க்குப் பிந்தைய பி.எஸ்.6 டீசல் காரில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி உண்டு. அது நீண்ட ஓட்டத்தில்தான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். ஊருக்குள்ளேயே சுற்றினால் அடைத்துக்கொள்ளும்.

வருடத்தை மாடலுக்கு முன்னால் முடிவு செய்யுங்கள். 2019 ஏப்ரலிலிருந்து விற்ற எல்லாப் புதிய கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயம், அதே ஆண்டு ஜூலையிலிருந்து ஓட்டுநர் ஏர்பேக்கும் கட்டாயம். கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் லாரிகளுக்கு நடுவே, சாரல் நனைத்த ரோட்டில் தினமும் ஓட்டப் போகிறவர் இவை இரண்டும் இல்லாத காரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. அதற்கு முந்தைய கார் என்றால், இவை இருந்த வேரியன்ட்தானா என்று பாருங்கள்.

இந்தப் பக்கம் எளிதாகக் கிடைப்பவை மாருதி டிசையர், சியாஸ், ஹோண்டா சிட்டி, அமேஸ், ஹூண்டாய் வெர்னா, டொயோட்டா எட்டியோஸ். டிசையர் டீசலில் இருக்கும் 1,248 சி.சி. இன்ஜினை நம் ஊர் மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார்கள். ஸ்பேர் பஞ்சமே இல்லை. மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டது, அதனால் அதற்கு முந்தைய வண்டிகள்தான் சந்தையில் உண்டு. எட்டியோஸ் பார்வைக்குச் சாதாரணம், உழைப்பில் கெட்டி. ஆனால் டாக்சியாக ஓடியவை ஏராளம், ஆகவே ஆர்.சி.யில் 'டி' போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாற்றிய விவரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வென்டோ, ரேபிட் டீசல் ஓட்டுவதற்கு அருமையானவை. அவற்றில் டைமிங் பெல்ட் என்பதால், அது மாற்றிய பில்லைக் கையில் வாங்கிய பிறகே பேச்சைத் தொடருங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகு ஆஸ்பயர் விலை இறங்கியது. தென்காசியில் இருந்துகொண்டு ஸ்பேருக்கு அலைய முடியுமா என்று யோசித்து எடுக்க வேண்டிய வண்டி அது. இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாகக் குறைந்தது. புதிய டிசையர், அமேஸ் விலை இறங்கிவிட்டதால், பழையதன் விலையைப் பேசும் முன் புதியதன் இன்றைய விலையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே நம்பரை வாங்கி எம்-பரிவாகன் செயலியில் தட்டிப் பாருங்கள். பதிவான தேதி, எத்தனையாவது ஓனர், வங்கிக் கடன் நிற்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே தெரிந்துவிடும். இ-சலான் தளத்தில் அபராத பாக்கி தெரியும். திருட்டு வண்டியா என்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் சரிபார்த்துச் சான்று எடுக்கலாம். விற்பவரிடம் பாலிசி நகலையும் கேளுங்கள். அதில் 'நோ கிளெய்ம் போனஸ்' என்ற ஒரு வரி இருக்கும். ஐந்து வருடம் கிளெய்மே வாங்காதவருக்கு அது 50 விழுக்காடாக இருக்கும். ஆறேழு வருட வண்டியில் அந்த இடத்தில் பூஜ்யம் இருந்தால், போன வருடம் ஏதோ அடிபட்டிருக்கலாம், அல்லது பாலிசி விட்டுப்போயிருக்கலாம். எதற்கு என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். அப்போதே பாதி விஷயம் விளங்கிவிடும்.

கே.எல். நம்பர் வண்டிகள் புனலூர், கொட்டாரக்கரைப் பக்கமிருந்து மலை இறங்கி வரும். விலை குறைவாகத்தான் சொல்வார்கள். அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி., அதாவது படிவம் 28, வேண்டும். தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கேற்ற வரியைக் கட்டி டி.என். 76-க்கு மாற்ற வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேற்று மாநில நம்பரில் ஓட்டச் சட்டத்தில் இடமில்லை. இந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தால் பல நேரம் உள்ளூர் வண்டியே லாபம்.

பார்க்கப் போவது காலையில், முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பு. "நாங்களே ஸ்டார்ட் பண்ணி வைக்கோம் அண்ணாச்சி, நீங்க மெதுவா வாங்க" என்று புரோக்கர் சொன்னால், "இல்லண்ணே, நான் வந்த பொறவு ஸ்டார்ட் பண்ணலாம்" என்று பதமாகச் சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பலாம். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். பேட்டரி எப்படி, டீசலில் குளோ பிளக் எப்படி, செயின் சத்தம் எத்தனை நேரம் கேட்கிறது என்பதெல்லாம் முதல் அரை நிமிடத்தில் வெளிப்படும். ஸ்டார்ட் செய்யும் முன்பே ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம், ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை உடைத்துப் பாய்ந்து நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் எத்தனையோ தெருக்கள் மூழ்கின. 2015-இல் சென்னை, 2018-இல் கேரளம் என்று ஏற்கெனவே பட்ட பாடுதான். வெள்ளத்தில் நின்ற கார்கள் காணாமல் போய்விடுவதில்லை. கழுவி, சீட் உறை மாற்றி, வாசனை அடித்து வேறொரு ஊரில் விற்பனைக்கு நிற்கும். டி.என். 69, டி.என். 72 நம்பர் எல்லாமே அப்படி என்று நான் சொல்லவில்லை. நல்ல வண்டிகள்தான் அதிகம். ஆனால் சோதிக்காமல் வாங்காதீர்கள். முன் சீட் பெல்ட்டை மெதுவாக, கடைசிவரை, இனி வராது என்கிற அளவுக்கு இழுங்கள். சுருளுக்குள் எப்போதும் மறைந்திருக்கும் அந்தக் கடைசிப் பகுதியை யாரும் கழுவுவதில்லை. அங்கே செம்மண் நிறத்தில் ஒரு கோடோ, விரலில் ஒட்டும் பொடியோ இருந்தால் தண்ணீர் சீட்டுக்கு மேல் ஏறியிருக்கிறது. அடுத்து, டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் இருக்கும் பள்ளத்தைத் தடவுங்கள். சீட் தண்டவாளத் திருகுகளில் துரு, ஹெட்லைட்டுக்குள் மண் படிவு, ஃப்ளோர் மேட்டுக்கு அடியில் ஊறிய வாடை ஆகியவையும் அதே கதையைச் சொல்லும். வெள்ளம் புகுந்த வண்டியில் வயரிங் ஒவ்வொன்றாக ஒரு வருடம் கழித்துத்தான் செத்துப்போகும். மழை இருட்டில் புளியரை மேட்டில் ஹெட்லைட் அணைவது விளையாட்டில்லை. குற்றாலம், மேலகரம், இலஞ்சிப் பக்கமே வருடக்கணக்கில் வெளியில் நின்ற வண்டியென்றால் சாரல் ஈரம் கதவடியிலும் வீல் ஆர்ச்சிலும் துருவாக வெளிப்படும். அது மேலோட்டமாக இருந்தால் டிங்கரிங்கில் சரியாகும். அடிச்சட்டத்தில் இருந்தால் வேண்டாம்.

விபத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணாடிகளைப் பாருங்கள். எல்லாக் கண்ணாடியிலும் ஓரத்தில் தயாரித்த நிறுவனத்தின் முத்திரையும் ஆண்டைக் குறிக்கும் எண்ணும் இருக்கும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கலாம். கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கை இழுத்துப் பார்த்தால் கம்பெனி போட்ட ஸ்பாட் வெல்டிங் வட்டங்கள் வரிசையாகத் தெரிய வேண்டும். அங்கே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருந்தால் உடம்பு வெட்டி ஒட்டியது. டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3221 என்றால் 2021-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரம் செய்தது. மீட்டரில் 40,000 காட்டும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழவழத்து, ஸ்டியரிங் உறை பளபளத்து, ஓட்டுநர் சீட் ஒருபக்கம் சரிந்திருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். சர்வீஸ் பில்களில் தேதியோடு கிலோமீட்டரும் அச்சாகியிருக்கும். அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் மீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும்.

இனிமேல்தான் ஓட்டிப் பார்ப்பது. பெரும்பாலானவர்கள் நன்னகரம் வரை போய்த் திரும்பி, "வண்டி நல்லாருக்கு" என்று முடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். மலையும் வெயிலும் ஒரு மணி நேரத்துக்குள் கிடைக்கிற மாவட்டம் இது, இரண்டையும் பயன்படுத்துங்கள். முதலில் தேசிய நெடுஞ்சாலை 744-இல் செங்கோட்டை, புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறிக் கோட்டைவாசல் கருப்பசாமி கோயில் வரை. நான்கு பேரை ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது இன்ஜின் இரைச்சல் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது. வெப்பமானி நடுவைத் தாண்டக் கூடாது. மேலே போய் வண்டியை அணைக்காமல் நிறுத்தி, பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா, கூலன்ட் எங்காவது கசிகிறதா என்று பாருங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரில் விட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். சரிவு முடிந்ததும் அழுத்தும்போது பின்னால் நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. பிரேக் பிடிக்கையில் ஸ்டியரிங் உதறினால் டிஸ்க் கோணியிருக்கிறது. அது சின்னச் செலவு, விலையில் குறைத்துக்கொள்ளலாம்.

மறுபடியும் ஊருக்கு வந்து உச்சி வெயிலில் ஆலங்குளம் பக்கம் போங்கள். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் அதே நேரத்தில் அங்கே வெயில் கொளுத்தும். ஏ.சி.யை முழுக்க வைத்து ஒரு கால் மணி நேரம் ஐடிலில் நிறுத்துங்கள். காற்றின் குளிர்ச்சி குறைந்தால் கம்ப்ரஸரையோ கண்டன்ஸரையோ கவனிக்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கும்போது உங்கள் இடுப்பும் முழங்காலும் என்ன சொல்கின்றன என்பதையும் கேளுங்கள். தினமும் இரண்டு வேளை உட்காரப் போகிற சீட் அது.

வண்டி மனசுக்குப் பிடித்தால், விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றி, ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். அதற்குச் சில நூறு, மிஞ்சினால் ஆயிரத்துச் சொச்சம் ஆகும். மறுக்கிற விற்பவரிடம் வாங்க வேண்டாம். மெக்கானிக் சொன்ன குறைகளைத் தாளில் எழுதி, செலவோடு முன்னால் வைத்துப் பேசினால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். கடன் நிற்கும் வண்டியென்றால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் கைக்கு வந்த பிறகே முழுத் தொகை. படிவம் 29, 30-இல் கையெழுத்து, சேசிஸ் நம்பரின் பென்சில் பிரிண்ட், அடையாளச் சான்றுகளின் நகல், இரண்டு சாவிகள் எல்லாம் அன்றே வாங்கிவிட வேண்டும். பெயர் மாற்றத்துக்கு வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். தள்ளிப்போடுவது இரு தரப்புக்கும் ஆபத்து. 2018-இல் நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. கைமாறிக் கைமாறி வேறொருவரிடம் இருந்த வண்டியின் வழக்கு அது. இதைச் சொன்னால் இழுத்தடிக்கிற விற்பவரும் மறுநாளே ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வருவார். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவருடைய நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும் என்பதால் வித்தியாசத் தொகை கட்ட வேண்டியிருக்கும். பழைய ஃபாஸ்டேகை அவர் மூடியதும் புதிதாக ஒன்று எடுத்து ஒட்டுங்கள்.

விலை பேசும்போதே பத்து விழுக்காடு போல ஒதுக்கி வைத்திருந்தால், முதல் வாரத்திலேயே இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் ஆகியவற்றை மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்துவிடலாம். பழையவர் போன மாதம்தான் மாற்றியதாகச் சொன்னாலும் மாற்றுங்கள். அன்றைய கிலோமீட்டரை எழுதி வைத்தால் அடுத்த சர்வீஸ் எப்போது என்ற குழப்பம் இருக்காது. ஜூனில் சீசன் தொடங்கும் முன் வைப்பர் ரப்பரையும் நான்கு டயர்களின் பள்ளத்தையும் பார்த்துவிடுங்கள். ஸ்டெப்னியிலும் காற்று பிடித்து வையுங்கள்.